காரைக்குடியிலிருந்து கொல்லிமலை: ஒரே நாளில் போய்வரலாமா?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஐந்து பேர் கிளம்புகிறார்கள். வீட்டுப் பெரியவர்களான அப்பச்சிக்கு 71 வயது, ஆத்தாவுக்கு 66, மகளுக்கு எட்டு. விடியற்காலையில் புறப்பட்டு ராத்திரி வீடு திரும்புகிற மாதிரி கொல்லிமலையில் என்னென்ன இடம் பார்க்கலாம், பழங்குடி மக்களின் ஊருக்குள் போக விடுவார்களா, மாந்திரீகம் அது இது என்கிறார்களே, பிள்ளையைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறார். இடங்களின் பட்டியல் எங்கே தேடினாலும் கிடைத்துவிடும். அவர் மனதில் இருக்கிற கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. வயதானவர்களையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு அந்த மலை ஏறினால், யாருக்கும் சிரமம் வராமல் ஆற அமரப் பார்த்துவிட்டு இறங்க முடியுமா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் காரைக்குடியில் 26 வருடமாக வேன் ஓட்டுகிறேன். குலதெய்வக் கோயில், அறுபடை வீடு, கல்யாணம், காதுகுத்து என்று நம் பக்கத்துக் குடும்பங்களைக் கூட்டிப்போவதுதான் தொழில். கொல்லிமலைக்கு எத்தனை முறை போனேன் என்று எண்ணி வைக்கவில்லை. நான் சரித்திரம் படித்தவனோ வைத்தியனோ கிடையாது. சாலை, நேரம், முழங்கால், வயிறு இந்த நாலில் நான் சொல்வதை நம்பலாம். மற்றதில் கேட்டது எது, கண்ணால் பார்த்தது எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

ஒரே நாளில் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் திருச்சி சுமார் 90 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல்லும் கிட்டத்தட்ட அதே அளவு. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி மலையடிவாரம் காரவள்ளி வர முக்கால் மணி நேரம் ஆகும். அங்கிருந்து மேலே செம்மேடு வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல். அறப்பளீஸ்வரர் கோயில் செம்மேட்டிலிருந்து இன்னும் அரை மணி. டீ குடிக்க நிறுத்தினால், சின்னப்பிள்ளைக்கு நிறுத்தினால், போக மட்டுமே ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரவும் அதேதான். பதினாலு மணி நேரம் சீட்டில் உட்கார்ந்துவிட்டு மலையில் மூன்று மணி நேரம் நின்றால், ஊருக்கு வந்து சொல்வதற்கு வளைவுகளைத் தவிர ஒன்றும் இருக்காது. ஆரம்பத்தில் ஒரு குடும்பம் வற்புறுத்தியது என்று நானும் ஒரே நாளில் ஐந்து இடம் காட்டினேன். அன்று ராத்திரி வழியில் வண்டிக்குள் இருந்த வாந்தியைக் கழுவியதோடு அந்த வேலையை விட்டுவிட்டேன். குறைந்தது ஒரு ராத்திரி மேலே தங்குங்கள்.

வளைவுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் பலகை உண்டு. ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவதும், வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிப்பதும், பஸ் வந்தால் ஒதுங்கி நிற்பதும் அங்கே பழக்கம். சொந்தக் காரில் போவதானால், சமவெளியில் மட்டும் ஓட்டியவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்காதீர்கள். ஓட்டுவதைவிட வாந்திதான் பெரிய பிரச்சினை. நாமக்கல்லில் பொங்கல், வடை என்று வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறுகிறவர்கள் பதினைந்தாவது வளைவில் ஜன்னலைத் திறப்பார்கள். இரண்டு இட்லி போதும். மிச்சத்தை மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆத்தா தூக்குச்சட்டியில் புளியோதரை கட்டினால் அது மலையில் மதியச் சாப்பாட்டுக்கு ஆகும். மகளை முன் சீட்டுப் பக்கம் உட்கார வையுங்கள், செல்போனைக் கையில் கொடுக்காதீர்கள். முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதை இருக்கிறது. அதில் வளைவுகள் குறைவு. ராசிபுரம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அது வசதி, நமக்குச் சுற்று. அப்பச்சிக்குத் தலைசுற்றல் தொந்தரவு இருந்தால் மட்டும் அந்தச் சுற்றை யோசிக்கலாம்.

முதல் நாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரை மணி சுமாருக்கு நாமக்கல். அங்கே 18 அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு, எதிரே மலையைக் குடைந்து எடுத்த நரசிம்மர் கோயிலையும் பார்த்துவிடுங்கள். ஆத்தாவுக்கு அதிலேயே பாதித் திருப்தி வந்துவிடும். மதியத்துக்குள் செம்மேடு போய் அறையைப் பிடித்து, சாப்பிட்டு, எல்லாரும் ஒரு தூக்கம் போடட்டும். சாயங்காலம் செம்மேட்டில் குதிரையோடு நிற்கிற வல்வில் ஓரி சிலையைப் பார்க்கலாம். கடையேழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தினான் என்று புறநானூற்றில் பாட்டு இருக்கிறது. அந்த ஏழு பேரில் இன்னொருவன் பாரி, அவனுடைய பறம்புமலை நம் சிங்கம்புணரிப் பக்கத்துப் பிரான்மலைதான். இதை வண்டியில் சொன்னால் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பாரிக்கு மூவேந்தரால் முடிவு வந்தது. ஓரியைக் கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி, அவனும் அதே ஏழு வள்ளல்களில் ஒருவன். கொன்றுவிட்டுக் கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். வள்ளலை வள்ளலே கொன்ற கதை. எட்டு வயதுப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்களோ, அது உங்கள் பாடு.

இரண்டாம் நாள் காலை அறப்பளீஸ்வரர் கோயில். இதற்காகத்தான் இந்த மலை ஏறவேண்டும் என்பேன். வளப்பூர் நாட்டில் பெரியகோவிலூரில் இருக்கிறது. நம் பக்கத்து நகரத்தார் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும். சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. நிலத்தை உழுதபோது கலப்பையில் பட்டு லிங்கத்தின் தலையில் ரத்தம் வந்தது, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது என்பது தலவரலாறு. பக்கத்து ஓடையில் மீன்களுக்குப் பொரி போடுவார்கள். யாரோ பிடித்து அறுத்துச் சமைத்த மீன்கள் துள்ளிக்கொண்டு தண்ணீருக்குத் திரும்பின, அதனால் இந்தச் சாமி அறுத்த மீனைப் பொருத்தியவர் என்று சொல்வார்கள். அந்த ஓடையில் மீன் பிடிக்க மாட்டார்கள். கதை எப்படியோ, மீன்கள் கொழுகொழுவென்று இருக்கின்றன. உங்கள் மகள் அங்கிருந்து நகரமாட்டாள்.

கோயிலுக்குப் பக்கத்திலிருந்துதான் ஆகாயகங்கை அருவிக்குப் படி இறங்குகிறது. உங்கள் பயணத்தில் யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அந்தத் தண்ணீர்தான் கீழே துறையூர்ப் பக்கம் புளியஞ்சோலையில் ஓடுகிறது. படிகள் ஆயிரத்துக்கு மேல். எண்ணியவர்கள் ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள், ஆயிரத்துக்குக் குறைத்து யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நிறைய இடத்தில் செங்குத்து. இறங்கும்போது நன்றாகத்தான் இருக்கும். நிழல், பறவைச் சத்தம், தூரத்தில் அருவி இரைச்சல். முப்பது நாற்பது நிமிடத்தில் கீழே போய்விடலாம். குளித்துக் குளிர்ந்துபோன காலோடு ஏறும்போதுதான் தெரியும். சக்தி உள்ள இளைஞனுக்கே ஒரு மணி நேரம் ஆகும். ஒரு தடவை தேவகோட்டைப் பக்கத்து ஐயா ஒருவர், எழுபது வயதுக்காரர், நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். ஏறும்போது பாதியில் கால் நடுங்கி உட்கார்ந்தவரை உள்ளூர்ப் பையன்கள் நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் மூங்கிலைக் கட்டித் தூக்கி வந்தார்கள். கொடுத்த காசை வாங்க முதலில் மறுத்தார்கள், தண்ணீர் கொடுத்து, விசிறிவிட்டு, “தாத்தா, அடுத்த தடவை மேலேயே இருந்துக்குங்க” என்றார்கள். ஐயா அதற்கப்புறம் மூன்று வருடம் அந்தக் கதையைத்தான் எல்லாக் கல்யாணத்திலும் சொன்னார், ஆனால் அன்றைக்கு எனக்கு உயிர் போய் வந்தது.

ஆகவே அப்பச்சியும் ஆத்தாவும் கோயிலில் இருக்கட்டும். முழங்கால் வலி இல்லாவிட்டாலும், இரத்த அழுத்தத்துக்கோ நெஞ்சுக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால் யோசனையே வேண்டாம். நீங்களும் வீட்டுக்காரரும் முறை போட்டு மகளோடு இறங்கலாம். எட்டு வயதுப் பிள்ளைகள் நன்றாக ஏறுவார்கள், கெஞ்சுவது நாம்தான். காலை எட்டு ஒன்பது மணிக்கு இறங்கிவிடுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இறங்க நினைக்கவே கூடாது, ஏறிவர வெளிச்சம் வேண்டும். ஈரப் படியில் ரப்பர் செருப்பு வழுக்கும், பின்பட்டை உள்ள செருப்பு போடுங்கள். கையில் தின்பண்டப் பை வேண்டாம், குரங்கு பறிக்கும். பெருமழைக்கு அப்புறம் குளிக்கத் தடை போட்டிருந்தால், காவலரிடம் பேசிப் பார்க்கலாம் என்று நிற்காதீர்கள். அந்த இடத்தில் தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது.

படி இறங்க முடியாதவர்களுக்கு மாசிலா அருவி இருக்கிறது. சின்னது, கொஞ்சம் படிதான், பெரியவர்கள் உட்கார்ந்து தலையைக் காட்டலாம். நம் அருவி என்று இன்னொன்று, தண்ணீர் இருக்கிற மாதத்தில் நன்றாக இருக்கும். வாசலூர்ப்பட்டி படகுத்துறை குழந்தைக்காக ஒரு அரை மணி. சீக்குப்பாறைக் காட்சிமுனையில் மேகம் இல்லாத சாயங்காலம் நின்றால் கீழே சமவெளி முழுக்கத் தெரியும். மேகம் இருந்தால் வெள்ளைச் சுவர்தான், அதற்காக இருபது நிமிடம் வண்டி ஓட்ட வேண்டாம். மாசி பெரியண்ணசாமி கோயில் பலருக்குக் குலதெய்வம், அதற்கென்று வருகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். வேடிக்கை பார்க்க ஏற வேண்டாம் என்பது என் எண்ணம்.

இப்போது பழங்குடி ஊர். இங்கே ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். இலையும் தழையும் கட்டிக்கொண்டு ஆடுகிறவர்களைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்து வருகிறவர்களை நான் வண்டியில் நிறையப் பார்த்திருக்கிறேன். மலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது என்பார்கள், பேச்சு தமிழ்தான். மூன்று அண்ணன் தம்பிகள் காஞ்சிபுரத்திலிருந்து வந்து சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று பிரிந்து தங்கினார்கள் என்பது அவர்களுடைய முன்னோர் கதை. ஊருக்கு ஊர் அது கொஞ்சம் மாறும். பட்டியல் பழங்குடியினரில் அவர்கள் உண்டு. செல்போன், மோட்டார் சைக்கிள், பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பு எல்லாம் நம் வீடுகளைப் போலத்தான். ஊர்களை அவர்கள் நாடு என்றே சொல்கிறார்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, இப்படிப் பதினாலு ஊராட்சிகள். ஒரு முறை வளப்பூர் நாட்டில் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த பாட்டி ஒருத்தி, எந்த ஊர் என்று எங்கள் வண்டியில் வந்த ஆச்சியிடம் கேட்டார். செட்டிநாடு என்றதும், “அதுவும் நாடா? எத்தனை ஊரு?” என்றார். அந்தக் காலத்தில் 96, இப்போது எழுபத்துச் சொச்சம் என்று ஆச்சி சொன்னார். “எங்களது குறையலையே, பதினாலும் பதினாலாத்தான் இருக்கு” என்று பாட்டி முறத்தைத் தட்டினார். ஆச்சிக்குக் கோபமா சிரிப்பா என்று நாமக்கல் வரும்வரை எனக்குத் தெரியவில்லை.

ஊருக்குள் போகலாமா என்றால், சாலை எல்லாருக்கும் பொது, வாசல் அவர்களுடையது. கேட்காமல் படம் எடுக்காதீர்கள், குறிப்பாகப் பெண்களையும் குழந்தைகளையும். மிட்டாய்ப் பொட்டலம் வாங்கிப்போய்ப் பிள்ளைகளுக்கு வீசுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். நம் ஊர்த் தெருவில் யாராவது வந்து நம் பேத்திக்கு அப்படி வீசினால் பொறுப்போமா? சில கோயில்களில் செருப்போடு எல்லையைத் தாண்டக்கூடாது, சில இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஏன் என்று வாதாட வேண்டாம். பேச்சுக்கொடுக்க நல்ல வழி, அவர்கள் விற்கிறதை வாங்குவது. சோளக்காடு என்கிற ஊருக்குப் பழங்கள் வரும். மே, ஜூன், ஜூலையில் பலாவும் அன்னாசியும் குவிந்து கிடக்கும். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியும், அடியில் காப்பிச் செடியும் சாலை ஓரத்திலேயே தெரியும். மிளகு வாங்குங்கள். நம் வீட்டுக் கோழிக்குழம்புக்கு அந்தக் காரம் சரியாக இருக்கும் என்று ஆச்சிமார் எல்லாரும் ஒரே குரலாகச் சொல்கிறார்கள். சாலையோரம் பாட்டிலில் நிற்கிற தேனை மட்டும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் சர்க்கரைப்பாகு என்பது என் நாக்கின் தீர்ப்பு.

சாமை, தினை, கேழ்வரகு ஒரு காலத்தில் அந்த மலையின் சாப்பாடு. மரவள்ளி வந்தபிறகு வயல்கள் மாறிவிட்டன, கிழங்கு லாரியில் ஏறிக் கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. சிறுதானிய விதைகள் அழியாமல் இருக்க எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே வேலை செய்திருக்கிறது. தங்குகிற இடத்தில் சாமைச் சோறு கிடைக்குமா என்று முதல் நாளே சொல்லிவைத்தால் செய்து தருவார்கள்.

மாந்திரீகம் விஷயத்துக்கு வருகிறேன். கொல்லிப்பாவை என்று ஒரு பெண் உருவம் சங்கப் பாட்டிலேயே வருகிறது, பார்த்தவரைச் சிரித்து மயக்கிக் கொன்றுவிடும் என்று கதை சொல்வார்கள். எட்டுக்கை அம்மன் கோயிலை அந்தப் பாவையின் கோயில் என்று இன்று கும்பிடுகிறார்கள். சித்தர் குகை, நள்ளிரவுப் பூஜை என்பதெல்லாம் மேலே இருக்கிறவர்களைவிடக் கீழே இருக்கிறவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். இத்தனை வருடத்தில் ராத்திரி எத்தனையோ முறை வண்டியிலேயே படுத்திருக்கிறேன். பயந்தது ஒரே தடவை, அது பிரேக் சூடாகி வாசனை வந்தபோது. பிள்ளையைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். குகை காட்டுகிறேன் என்று காட்டுக்குள் கூப்பிடுகிறவர் பின்னால் மட்டும் போகாதீர்கள். தனியாகப் போவது ஆபத்து, காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம்.

வழியெல்லாம் ஆட்டுக்கால் கிழங்கு சூப் என்று பலகை தெரியும். முடவாட்டுக்கால் என்றும் சொல்வார்கள். அது ஆட்டுக்கால் போல ரோமத்தோடு இருக்கிற ஒரு பெரணியின் கிழங்கு, பாறையிலும் மரத்திலும் வளர்வது. மிளகு தூக்கலாகப் போட்டுக் கொடுப்பார்கள், குளிருக்கு இதமாக இருக்கும். மூட்டுவலி தீரும் என்கிறார்களே என்று அப்பச்சி கேட்பார். குடித்தவர்கள் நல்லது என்கிறார்கள், நானும் குடித்திருக்கிறேன், என் முழங்கால் முன்பு இருந்தபடிதான் இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு அதை நம்ப வேண்டாம். மூட்டையாக வாங்கிக்கொண்டு வருவதும் வேண்டாம், பாறையிலிருந்து பெயர்த்தால் அது மறுபடி வளர நாளாகும்.

ஒரு ராத்திரிகூடத் தங்க வழியே இல்லை என்றால், கொல்லிமலையை விட்டுவிட்டுத் திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் போய்ச் சிறுமலை ஏறுங்கள். பதினெட்டு வளைவுதான். பளியர் என்கிற பழங்குடிக் குடும்பங்கள் சில அங்கே இருக்கின்றன, மலைவாழை கிடைக்கும். சாயங்காலம் திரும்பும் வழியில் பிரான்மலை அடிவாரத்துக் கொடுங்குன்றநாதரையும் கும்பிட்டுவிட்டு எட்டு மணிக்குள் வீடு வந்துவிடலாம்.

எந்த மாதம் போகிறீர்கள் என்று எழுதவில்லை. ஆடி 17, 18 தேதிகளை ஒட்டி வல்வில் ஓரி விழா, ஆடிப்பெருக்கு இரண்டும் சேர்ந்து வரும். கூட்டம் பிடிக்கும் என்றால் நல்ல நாள், அப்பச்சிக்கு அது நாளில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அருவி முழுதாக விழும், ஆனால் மழையில் படியும் சாலையும் சோதிக்கும். ஏப்ரல், மேயில் தண்ணீர் இளைத்துவிடும், குளிர்ச்சி இருக்கும். உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது ஜனவரிக் கடைசி, பிப்ரவரி. தண்ணீரும் இருக்கும், மழையும் விட்டிருக்கும். ராத்திரிக் குளிருக்குக் கம்பளியும் தலைக்குத் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டீசலையும் கைக்காசையும் நாமக்கல்லிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். செம்மேட்டில் அரசு மருத்துவமனை உண்டு, இருந்தாலும் பெரியவர்கள் மாத்திரை இரண்டு நாளுக்குக் கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

திரும்பும்போது இருட்டுவதற்குள் காரவள்ளி இறங்கிவிடுங்கள். இரண்டாவது கியரில், பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காமல், இன்ஜினே வண்டியைப் பிடிக்கிற மாதிரி இறங்க வேண்டும். பிரேக் வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மகளிடம் எழுபதிலிருந்து தலைகீழாக எண்ணச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வளைவைத் தவறவிட்டு அப்பச்சியோடு சண்டை போடுவாள், அந்தச் சண்டையில் வாந்தி மறந்துபோகும்.